குடியிருந்தவள் பொறுப்பு

அத்தியாயம் 4

வீடு எரிந்து ஒன்பதாம் நாள் காலையில், கையெழுத்துப் போட்டுவிடுவது என்று ஆரோக்கியம் முடிவு செய்திருந்தாள்.

அந்தக் காகிதம் அவளுடைய மருத்துவப் பையில், கத்தரிக்கோலுக்கும் பஞ்சுக்கும் நடுவில் நான்காக மடிந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஆதிமூலத்தின் கணக்கப்பிள்ளை முத்து முத்தாக எழுதியிருந்தார். 'பிரசவம் பார்க்கப் போகும் அவசரத்தில் ஸ்பிரிட் அடுப்பை அணைக்காமல் போனேன். தீ என்னால்தான் பிடித்தது.' கீழே அவள் பெயருக்கு இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டேன், சம்பளத்திலிருந்து மாசா மாசம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஆதிமூலம் சொல்லி அனுப்பியிருந்தார். எத்தனை மாதம் வாங்குவார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு மருத்துவச்சியின் சம்பளத்தில் ஒரு வீட்டை அடைத்துத் தீர்க்க ஓர் ஆயுள் போதாது என்பது இருவருக்குமே தெரிந்ததுதான்.

காட்டேரிக்குப்பத்துச் சேரியில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண் அவள். கன்னியாஸ்திரிகள் படிக்க வைத்தார்கள். புதுவை ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, மூன்று வருஷம் முன்பு பிரெஞ்சு சர்க்கார் மருத்துவச்சியாகப் பாகூருக்கு வந்தாள். வேலை கொடுத்த சர்க்கார் வீடு கொடுக்கவில்லை. பிள்ளை பெற்றுக்கொள்ள அவள் கை வேண்டியிருந்த ஊரில் அவளுக்கு வாடகைக்கு விட ஒரு வீடும் இல்லை. கடைசியில் ஆதிமூலம்தான் ஏரிக்கரைப் பக்கம், கரும்புக்கொல்லைக்கு நடுவில் தனியாக நின்ற தன் ஓட்டு வீட்டை விட்டார். பேரம்கூடப் பேசவில்லை.

அந்த வீடு பங்குனி மாதத்துப் பட்டப்பகலில் எரிந்துபோனது. அப்போது அவள் கிருமாம்பாக்கத்தில் ஒரு தலைச்சன் பிரசவத்தில் இருந்தாள். மறுநாள் காலை திரும்பியபோது நான்கு கரிச்சுவர் மட்டும் நின்றது. அன்றிலிருந்து தர்மாஸ்பத்திரியில் மருந்து வைக்கிற அறையில், ஒரு பெஞ்சின்மேல் படுத்துக்கொள்கிறாள். விசாரணை முடியும்வரை பாகூரை விட்டு நகரக் கூடாது என்று போலீசிலிருந்து உத்தரவு.

விசாரணைக்காக அவள் வந்து நின்ற எரிந்த வீட்டு வாசலில், கம்பெனி ஆள் பார்த்து முடிக்கும்வரை சீல் வைத்திருந்த வேலிப்படலுக்குப் பக்கத்தில், காவல் சிப்பாய் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். புதுவையிலிருந்து வந்த ஜட்கா அங்கே நின்று, இரண்டு பேர் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவர் சிங்காரவேலு. தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியின், புதுவைப் பேச்சில் அஸுரான்ஸ் கம்பெனியின், விசாரணைக்காரர். முன்பு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், கறுப்புக் கோட்டு, ஒல்லியான உடம்பு. சிரிப்பு என்றால் என்ன என்று கேட்கிற முகம். பின்னால் முக்காலியும் காமிராப் பெட்டியுமாக இறங்கியவன் பக்கிரி. கல்யாணத்தையும் பிணத்தையும் படம் பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது கம்பெனிக்காக எரிந்த வீடுகளைப் பிடிக்கிறான்.

"பயப்படாதீங்கம்மா" என்றான் பக்கிரி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "இவுரு மூஞ்சி பொறக்கும்போதே இப்டித்தான். சீல் வச்ச மாதிரி."

சிங்காரவேலு காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நோட்டை விரித்தார்.

"அன்னைக்கு அடுப்புல என்ன வச்சிருந்தீங்க?"

"கத்திரி, கொறடு எல்லாம் வெந்நீர்ல கொதிக்க வச்சிருந்தன்."

"வண்டி வந்து கூப்பிட்டதும் அடுப்பை அணைச்சீங்களா?"

ஒன்பது நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. தண்ணீர் தளதளவென்று கொதித்தது நினைவிருக்கிறது. 'தலை தெரியுதாம், சீக்கிரம் வாம்மா' என்று வண்டிக்காரன் வெளியிலிருந்து கத்தியது நினைவிருக்கிறது. அடுப்பின் மூடியை அவள் கை கவிழ்த்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அது அன்றைக்குக் கவிழ்த்ததா, தினம் தினம் கவிழ்த்ததா?

"தெரியலிங்க."

"அணைச்சேன்னு சொன்னா, இல்லைன்னு நிரூபிக்க யாராலும் முடியாது."

"தெரியலன்றதுதான் நெசம். நெசத்த வுட்டுட்டு இன்னா சொல்றது?"

காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து பக்கிரி தலையை வெளியே எடுத்தான். "முசே," என்றான் பிரெஞ்சு மரியாதையில். "ஆறு வருசமா உங்ககூட சுத்தறன். தெரியலன்னு சொன்ன மொத சாட்சி இவங்கதான். ஒரு படம் புடிச்சி வச்சிக்கட்டுமா?"

"வீட்டைப் பிடிப்பா."

"வூடு எங்க ஓடிடப் போவுது" என்று முனகிக்கொண்டே அவன் மறுபடி துணிக்குள் போனான்.

சிங்காரவேலு எழுதி முடித்ததும் ஆரோக்கியம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, வாடகையோட அஸுரான்சுக்குன்னும் மாசா மாசம் ஆதிமூலம் ஐயாகிட்ட குடுத்துகினுதான் வந்தன். அந்தக் கம்பெனி எனுக்காக ஒண்ணும் பேசாதா?"

அவர் தோல்பையிலிருந்து ஒரு பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிக் காட்டினார்.

"இதுதான் நீங்க கட்டின அஸுரான்ஸ். இதுல உங்க பேரு எங்கேயும் இல்லை. இது அவரோட சுவருக்கும் கூரைக்கும். உள்ளே இருந்த உங்க சாமானுக்கு வேற காகிதம் வேணும். அதை நீங்கதான் எடுத்திருக்கணும்."

"சாமான் போனா போவுது. இந்தப் பழி?"

"அதுக்கும் ஒரு காகிதம் உண்டு. யாரும் சொல்லித் தர்றதில்லை." அவர் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல இல்லை, கொஞ்சம் தாழ்ந்தே வந்தது. "வாடகை வீடு எரிஞ்சா குடியிருந்தவங்கதான் பொறுப்புன்னு பிரெஞ்சுச் சட்டம் முதல்லயே முடிவு பண்ணிடும். இங்கிலீஷ்காரன் எல்லையிலேன்னா உங்க தப்புன்னு வீட்டுக்காரர் நிரூபிக்கணும். இங்கே, உங்க தப்பு இல்லைன்னு நீங்க நிரூபிக்கணும். அந்தச் சுமையைத் தாங்கறதுக்குன்னே குடியிருக்கறவங்க தனியா ஒரு அஸுரான்ஸ் எடுக்கலாம்."

"கடலூர்ப் பக்கம் ரெண்டு மைல் தள்ளி எரிஞ்சிருக்கலாம்" என்றான் பக்கிரி. "வூட்ட தப்பான ராஜாங்கத்துல கட்டிட்டாங்க."

"அப்ப நான் குடுத்ததெல்லாம்?"

"அவர் சுவருக்குக் குடுத்தீங்க. கம்பெனி அவருக்கு நஷ்டத்தைக் குடுக்கும். குடுத்துட்டு அவர் இடத்துல வந்து நின்னு உங்ககிட்ட வசூல் பண்ணும். அதுக்கு வழி பார்க்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

ஆதிமூலம் ஒருவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் ஒரு கம்பெனி, அதற்குப் பின்னால் ஒரு சட்டம். மாசா மாசம் தன் கையாலேயே அந்தக் கம்பெனிக்குக் கொடுத்து வந்திருக்கிறாள்.

"தப்பிக்கவே வழி இல்லியா?"

"சட்டத்துல மூணு வழி. இடி விழுந்ததுன்னு காட்டணும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். மாசி தொடங்கி ஒரு மேகம் வரவில்லை.

"கட்டுமானத்துலயே கோளாறுன்னு காட்டணும். இல்லை, பக்கத்து வீட்டுத் தீ தாவிச்சுன்னு காட்டணும்."

சுவர் முழங்கை அகலம், அடுப்பு மேடை நல்ல கட்டுவேலை. பக்கத்து வீடு என்று பார்த்தால் மூன்று வயல் தள்ளித்தான் இருந்தது.

"கரும்பு தாவிச்சுன்னு சொல்லிப் பாப்பமா?" என்று பக்கிரி கேட்டான். ஒரு தோகைகூடக் கருகாத கரும்பு அவனுக்கு எதிரிலேயே அசைந்துகொண்டு நின்றது.

சிங்காரவேலு நோட்டை மூடவில்லை. பென்சிலால் தாடையைத் தட்டிக்கொண்டார். "நாலாவதா ஒண்ணு இருக்கு. சட்டப் புத்தகத்துல கிடையாது, நீதிபதிகள் தீர்ப்புல சொல்லிச் சொல்லி வந்தது. நானே காப்பி எடுத்திருக்கேன். வீட்டுக்காரரும் அதே கூரைக்குக் கீழே ஒரு அறையைத் தன் வசம் வச்சிருந்தா, குடியிருந்தவங்கதான் பொறுப்புன்னு எடுத்த எடுப்பிலே சொல்ல முடியாது. தீ உங்க பக்கத்துலேர்ந்துதான் கிளம்பிச்சுன்னு அவர் நிரூபிக்கணும்."

ஆரோக்கியம் அவரையே பார்த்தாள். "வடக்கால பின்னறை பூட்டித்தான் இருந்திச்சிங்க. பழைய தட்டுமுட்டு சாமான் இருக்குது, அடுத்த மாசம் காலி பண்றன்னாரு. மூணு வருசமா அதே அடுத்த மாசம். எப்பவாவது கொல்லப்பக்கமா வந்து தொறந்து பாத்துட்டுப் போவாரு."

"இதைப் போலீசுல சொன்னீங்களா?"

"சொன்னன். எழுதிக்கல."

"பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவங்க யாராவது?"

"என் வூட்டுக்குள்ள யாருங்க வருவாங்க? வலி கண்டுச்சின்னா வாசல்ல நின்னு கூப்புடுவாங்க. உள்ள கால் வச்சவங்க ஒருத்தருமில்ல."

அவர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். நொத்தேர் என்கிற பத்திரப்பதிவுக்காரர் முன்னால் எழுதிய வாடகைப் பத்திரம். 'வீடு முழுவதும், எல்லா அறைகளும்' என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து. அன்றைக்கு ஒரு கூரை கிடைத்த சந்தோஷத்தில் படிக்காமலே போட்டது.

"பத்திரத்துக்கு எதிரா உங்க வாய் வார்த்தை மட்டும்னா நிக்காதும்மா" என்றார் சிங்காரவேலு. அவள் பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் கொல்லை வழியாக ஒரு மாட்டுவண்டி வந்து வடக்குப் பக்கம் நின்றது. வண்டிக்குப் பின்னால் கட்டுமஸ்தான நாலு ஆட்கள். அவர்களுக்கு முன்னால் குடையைத் தானே பிடித்துக்கொண்டு ஆதிமூலம். சலவை வேட்டி, ஐம்பதைத் தாண்டிய வயசு, யாரிடமும் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் வராத மனிதர்.

"வாங்க, வாங்க. வெயிலுக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்றார் சிங்காரவேலுவிடம். "போலீசு சீல் எடுத்துட்டீங்கன்னா ஓடு, சாம்பலு எல்லாம் அள்ளிட்டு மட்டம் பண்ணிடலாம்னு ஆளோட வந்துட்டன். மூணு கடுதாசி போட்டன் உங்க கம்பெனிக்கு."

"பார்த்தேன். எரிஞ்ச ஓட்டுக்கு மூணு கடுதாசி."

"கரும்பு வெட்டு நெருங்குது பாருங்க. எடம் வேணும்." ஆதிமூலம் ஆரோக்கியத்தின் பக்கம் பாதி திரும்பினார். "இன்னா, நான் அனுப்பின காகிதத்துல கையெழுத்து போட்டுட்டியா?"

"போடுவாங்க" என்று சிங்காரவேலு முந்திக்கொண்டார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கிரி என்ன நினைத்தானோ, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியையும் அந்த நாலு பேரையும் ஒரு படம் எடுத்தான்.

திரும்பி வந்த சிங்காரவேலு ஆரோக்கியத்தின் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். "ஓடு அள்ள வந்தவங்க கிட்ட என்ன இல்லைன்னு பாருங்க."

அவள் பார்த்தாள். வண்டிக்குள் தேர் இழுக்கிற பருமனில் கயிறு ஒரு சுருள். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மூங்கில் கழிகள். ஒரு கடப்பாறை. அவ்வளவுதான்.

"கூடை இல்ல" என்றாள் வியப்போடு. "மம்முட்டியும் இல்ல."

"ஓட்டுக்குப் பாடை கட்டப் போறாங்களோ என்னமோ" என்றான் பக்கிரி.

சிங்காரவேலுவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஜட்காவின் படியில் நோட்டை வைத்து ஏதோ எழுதினார். எழுதியதை ஆதிமூலத்திடம் நீட்டினார்.

"அவங்க கையெழுத்துக்கு முன்னாடி உங்களோடது ஒண்ணு வேணும். வழக்கமா வாங்கறதுதான். படிக்கிறேன். 'இந்த வீட்டின் எல்லா அறைகளும் மருத்துவச்சி ஆரோக்கியத்தின் வசமே இருந்தன. எந்த இடமும் என் வசம் இல்லை. என் பொருள் எதுவும் உள்ளே இல்லை.'"

நாலாவது வழி என்று வாயால் சொன்னவர், அதை இப்போது தன் கையாலேயே அடைக்கிறார். கம்பெனிக்காரர் கம்பெனிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆதிமூலம் பேனாவை வாங்கினார். வாங்கியவர் எழுதவில்லை. பார்வை ஒருமுறை வடக்குப் பக்கம் இடிந்து குவிந்த ஓட்டின்மேல் போய்விட்டு வந்தது.

"ஏதாவது தப்பா எழுதிட்டேனா? ஒரு அறை உங்க வசம் இருந்துதுன்னா சொல்லுங்க, மாத்திடறேன்" என்றார் சிங்காரவேலு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று ஆதிமூலம் சட்டென்று கையெழுத்துப் போட்டார்.

மை காய்கிறவரை ஊதிவிட்டு, காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார் சிங்காரவேலு. "சீலைப் பிரிச்சுடுங்க" என்று சிப்பாயிடம் சொன்னார். "அள்ள ஆரம்பிக்கலாம். வடக்குப் பக்கத்துலேர்ந்து."

"நீங்க ஏன் சிரமப்படணும்? நீங்க போய்ட்டு வாங்க, என் ஆளுங்க பாத்துக்குவாங்க."

"உங்க ஆளுங்க இருக்காங்க, கூடைதான் இல்லை. கயிறும் கழியும் எதுக்கு வந்திருக்குன்னு பார்த்துட்டே போறோமே."

ஆதிமூலத்தின் குடை கொஞ்சம் சரிந்தது.

பக்கிரியும் சிப்பாயும் கையாலேயே ஓட்டை எடுத்து எறிந்தார்கள். கரிந்த உத்தரம் ஒன்றைக் கடப்பாறையால் நெம்பித் தள்ளினார்கள். அதன் அடியில், கன்றுக்குட்டி உயரத்துக்கு, புகை படிந்து கறுத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. பித்தளைக் கைப்பிடி. பூட்டின்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"தட்டுமுட்டு சாமான்" என்றான் பக்கிரி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "தட்டினாலும் முட்டினாலும் அசையல."

சிங்காரவேலு ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். "அம்மா, உங்க பெட்டி கிடைச்சிடுச்சு."

"அது என்னுது" என்றார் ஆதிமூலம். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

"உங்க பொருள் எதுவும் உள்ளே இல்லைன்னு இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க."

"சாவி என்கிட்ட இருக்குது."

"திருடன்கிட்டகூட சாவி இருக்கும்ங்க" என்றான் பக்கிரி. "பத்திரந்தான் இருக்காது."

"ஒரு கேள்வி" என்றார் சிங்காரவேலு. "இவ்வளவு பெரிய மாடி வீடு வச்சிருக்கறவர், இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வாடகைக்கு விட்ட வீட்டுல ஏன் வச்சீங்க?"

ஆரோக்கியத்துக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஆதிமூலத்தின் தம்பி பலராமன் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டிருப்பது ஊர் அறிந்தது. பலராமனின் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் பார்த்தவள் அவள். வலிக்கும் வலிக்கும் நடுவில் அந்தப் பெண் அழுதது மாமியாரின் நகைகளுக்காக. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த மாதமே நகையெல்லாம் காணாமல் போய்விட்டதாம். வீட்டில் தேடாத இடமில்லையாம். நகை போனது மூன்று வருஷத்துக்கு முந்தி. ஆரோக்கியத்துக்கு இந்த வீடு கிடைத்த அதே மாதம்.

ஊரே கதவைச் சாத்தியபோது இவர் ஒருவர் திறந்தாரே என்று, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோவிலில் அவர் பெயரைச் சொல்லி ஜெபம் செய்திருக்கிறாள். அவர் திறந்த காரணம் இப்போது புரிந்தது. அவள் குடியிருக்கிற வீட்டின் வாசற்படியை அவர் தம்பி மிதிக்க மாட்டான். அவர் ஜனத்தில் ஒருத்தரும் மிதிக்க மாட்டார்கள். நகையைக் காவல் காக்க அவள் இருந்தாலே போதும், நாயும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அதற்கு அவளே வாடகையும் கொடுத்தாள். மூன்று வருஷத்து ஜெபமும் ஒரே மூச்சில் கசந்துபோய், கண்ணில் நீர் வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"இந்தக் காகிதப்படி பெட்டி உங்களோடது" என்று சிங்காரவேலு அவளிடம் சொன்னார். "பெட்டி உங்களுதுன்னா அறையும் உங்களுது. அறை உங்களுதுன்னா தீயும் உங்களுது. இந்தக் காகிதம் பொய்யின்னு சொல்லக்கூடிய ஆள் ஊர்லயே ஒருத்தர்தான், குடியிருந்த நீங்க. நான் எதையும் சொல்லித் தர மாட்டேன்."

ஆதிமூலம் குடையை மடக்கினார். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. நாலு ஆட்களும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"ஆரோக்கியம்" என்றார். "நீ சொல்லும்மா. அந்த ரூமு யாரு வசம் இருந்திச்சின்னு உனுக்குத் தெரியுமில்ல. சொல்லு."

அம்மா என்று அவர் அவளை அழைத்தது அதுதான் முதல் தடவை. 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் கோர்ட்டுப் படியில் தவம் கிடப்பார். ஆசையாகத்தான் இருந்தது.

"எழுதிக்குங்க ஐயா" என்றாள் சிங்காரவேலுவிடம். "வடக்கால பின்னறை ஆதிமூலம் ஐயா வசந்தான் இருந்திச்சி. நான் குடிவந்த நாள்லேர்ந்து பூட்டித்தான் கெடந்திச்சி. சாவி அவருகிட்ட. ஒரு தபாகூட நான் உள்ள போனதில்ல. பொட்டியும் அவருதுதான்."

அவர் எழுதினார். எழுதியதை ஆதிமூலத்திடம் நீட்டினார். "மேலே சொன்னது உண்மைன்னு போட்டு, கையெழுத்து. அப்பதான் பெட்டி உங்களோடது."

ஆதிமூலம் இரண்டாவது தடவை பேனாவை வாங்கினார். இந்தத் தடவை படிக்கக்கூட நிற்காமல் போட்டார்.

"தீ எப்படி வந்திச்சின்னு எனுக்கு இன்னும் தெரியலியே" என்றாள் ஆரோக்கியம், சிங்காரவேலுவிடம் மட்டும் கேட்கும்படியாக.

"அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை நாள் அந்தத் தெரியாததுக்கு நீங்க பொறுப்பா இருந்தீங்க. இனிமே இல்லை. உங்க பக்கத்துலேர்ந்துதான் தீ கிளம்பிச்சுன்னு அவரால காட்டவும் முடியாது." அவர் இரண்டு காகிதங்களையும் சேர்த்து வைத்தார். "ஒரே கையெழுத்து, ரெண்டு எதிர் வார்த்தை. கம்பெனி அவருக்கு என்ன குடுக்கும்னு நான் சொல்லமாட்டேன். என் அறிக்கையை மேலே இருக்கறவங்க ரசிக்க மாட்டாங்கன்னு மட்டும் தெரியும்."

"என் சாமானுக்கு?"

"இல்லைம்மா. துணி, கட்டில், தையல் மிஷின், எதுக்கும் இல்லை. அதுக்குக் காகிதம் இல்லை." இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கப் பார்க்கவில்லை. "அடுத்த வீடு எடுக்கும்போது கம்பெனிக்கு வாங்க. உங்க பேருல, உங்க சாமானுக்கும் உங்க சுமைக்கும் நானே எழுதித் தரேன். பத்திரத்தையும் கொண்டாங்க. படிச்சுக் காட்டறேன்."

அவள் தலையசைத்தாள். சிப்பாய் ஏற்கனவே தன் புத்தகத்தில் இரும்புப் பெட்டி ஒன்று என்று குறித்து, இடம், நேரம், உரிமையாளர் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தான். அந்தப் புத்தகம் சாயங்காலத்துக்குள் போலீஸ் கச்சேரிக்கும், அங்கிருந்து சேதி பலராமனுக்கும் போய்விடும். ஆனால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வயலுக்கு அப்பால் வரப்பின்மேல் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேக வேகமாக வந்துகொண்டிருந்தான். நடையைப் பார்த்தே பலராமன் என்று ஆரோக்கியத்துக்குத் தெரிந்தது. அண்ணன் கயிறும் கழியுமாக ஆள் கூட்டிப் போனது அவன் காதுக்கு எட்டியிருக்க வேண்டும்.

ஆதிமூலமும் பார்த்துவிட்டார்.

"தூக்குங்கடா" என்றார் ஆட்களிடம்.

நாலு பேரும் கயிற்றைச் சுற்றி, கழியைச் செருகி, ஒரே மூச்சில் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். கனம் அவர்கள் கால்களைச் சாம்பலுக்குள் அழுத்தியது.

"எங்கங்க கொண்டு போறது?" என்று முன்னால் நின்றவன் கேட்டான்.

ஆதிமூலம் வாயைத் திறந்தார். மாடி வீட்டுக்கா, தம்பிக்குப் பாதி சொந்தமான வீடு. இங்கேயா, கூரையில்லை. மாட்டுவண்டியிலா, அது கிளம்புவதற்குள் பலராமன் வந்துவிடுவான். ஆரோக்கியம் கையெழுத்துப் போடாத காகிதத்தோடு பையை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிவரை என்று சிங்காரவேலுவோடும் பக்கிரியோடும் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தாள். ஜட்கா திரும்பித் தார்சாலையைத் தொடும்வரை அவள் பார்த்தாள். நாலு பேரும் சுமையை இறக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல், பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.